செவ்வாய்க்கிழமை லண்டன்

செவ்வாய்க்கிழமை எந்தப் பயணமும் தொடங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். செவ்வாய் வெறுவாய் என்பார் அப்பத்தா. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவன், ஷெஃபீல்டில் எம்.எஸ்சி. சேர்ந்த முதல் பருவத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை லண்டனுக்கு ரயிலேறினேன். உட்கார இடமில்லை. வெள்ளி, சனி இரண்டு இரவுப் படுக்கைக்குக் கொடுத்த பணம் என் ஒரு வார வாடகையை நெருங்கியது. சனிக்கிழமை அருங்காட்சியகத்தில் சிலைகளைவிட மற்றவர்களின் முதுகைத்தான் அதிகம் பார்த்தேன்.

தேர்வுகள் முடிந்த பிறகு, மேல்வகுப்புத் தோழர் ஒருவர் சொல்லிக்கொடுத்தபடி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை கோச், அதாவது நெடுந்தூரப் பஸ், பிடித்தேன். நான்கு நாள் இருந்தேன். முதல் முறை இரண்டு நாளுக்கு ஆனதைவிடக் குறைவாகவே செலவானது. பார்த்ததோ பல மடங்கு.

இந்த அத்தியாயத்தின் அடிப்படை அந்த வித்தியாசம்தான். லண்டனில் விலையை முடிவுசெய்வது பெரும்பாலும் நேரம். ஒரே படுக்கை புதன் இரவு ஒரு விலை, சனி இரவு வேறு விலை. ஒரே ரயில் இருக்கை காலை எட்டு மணிக்கு ஒரு விலை, பதினொரு மணிக்கு வேறு விலை. ஒரே ரொட்டி மதியம் ஒரு விலை, கடை மூடும் நேரத்தில் வேறு விலை. வேலைக்குப் போகிறவர்களுக்கு வாரக் கடைசி மட்டுமே கிடைக்கும். அதற்காக அவர்கள் கூடுதலாகக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மாணவரிடம் பணம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் வகுப்பில்லாத வார நாள்கள் இருக்கின்றன. அதைச் சரியாகச் செலவழித்தால் போதும்.

இது யாருக்கான அத்தியாயம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். லெஸ்டர், கவென்ட்ரி, ஷெஃபீல்ட், நியூகாசில் என்று யூ.கே.யின் வேறு ஊரில் படித்துக்கொண்டு, முதன்முறையாகத் தனியாக லண்டன் போக நினைக்கும் மாணவருக்கு. நான்கு நாள், மூன்று இரவு. இங்கே தரும் கட்டணங்கள் 2025ஆம் ஆண்டுக்குரியவை. போகுமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு

என் கணக்கு 200 பவுண்ட். இதை இந்திய ரூபாயாக மாற்றிப் பார்த்தால் பயம் வரும். உழைப்பாக மாற்றிப் பாருங்கள். 2025 ஏப்ரலிலிருந்து 21 வயது நிரம்பியவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்ட். பட்டப்படிப்பு, முதுகலை மாணவர் விசாவில் பருவ நாள்களில் வாரம் 20 மணி நேரம்வரை வேலை செய்யலாம். ஆக, 200 பவுண்ட் என்பது கடையில் பதினாறு, பதினேழு மணி நேரம் நின்று சம்பாதித்த பணம். அதில் ஒரு பவுண்ட் வீணானாலும் ஐந்து நிமிட உழைப்பு போகிறது. இப்படிக் கணக்குப் பார்ப்பவர் கஞ்சராக மாட்டார், கவனமானவராக ஆவார்.

போக வரக் கோச்: 25 பவுண்ட்
மூன்று இரவுப் படுக்கை: 84 பவுண்ட்
நகருக்குள் போக்குவரத்து: 27 பவுண்ட்
சாப்பாடு, நாளுக்கு 12 வீதம்: 48 பவுண்ட்
ஒரு நாடகம்: 10 பவுண்ட்
கைச்செலவு: 6 பவுண்ட்

இது தவிர 30 பவுண்டைத் தனியாக எடுத்துவையுங்கள். கடைசிக் கோச்சைத் தவறவிட்டால், இரவு டாக்சி வேண்டியிருந்தால், மருந்து வாங்க நேர்ந்தால் அது உதவும். திரும்பி வரும்போது அந்த 30 அப்படியே இருந்தால் பயணம் நன்றாக நடந்தது என்று பொருள்.

அருங்காட்சியகங்களுக்கு என்று இந்தப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. லண்டனின் பெரிய தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆகவே கட்டணம் கொடுத்துப் பார்க்கும் மெழுகுச் சிலை மண்டபம், ராட்டினம் போன்றவற்றை இந்த முறை விட்டுவிடுங்கள். இலவசமாகக் கிடைப்பதைப் பார்த்து முடிக்கவே நான்கு நாள் போதாது.

எந்த வாரம், எந்த நாள்

செவ்வாய் காலை புறப்பட்டு வெள்ளி இரவு திரும்புவதுதான் என் பரிந்துரை. செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று இரவுகளுக்குத்தான் படுக்கை தேவை. விலை ஏறும் வெள்ளி, சனி இரவுகளை முழுதாகத் தவிர்த்துவிடலாம். அதே சமயம், பெரிய அருங்காட்சியகங்கள் இரவு நெடுநேரம் திறந்திருக்கும் வெள்ளி மாலை கையில் கிடைக்கும்.

பள்ளி விடுமுறை வாரங்களைத் தவிருங்கள். பிப்ரவரி, மே இறுதி, அக்டோபர் இறுதி ஆகிய சமயங்களில் பள்ளிகளுக்கு ஒரு வார இடைவிடுமுறை உண்டு. டைனோசர் எலும்புக்கூட்டின் முன் அப்போது நிற்கக்கூட முடியாது.

டிசம்பர் விடுமுறையில் போக நினைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: 25ஆம் தேதி லண்டனில் டியூப் என்னும் சுரங்க ரயில் ஓடாது, பஸ்ஸும் ஓடாது. டிசம்பர் 24 முதல் 26 வரை பெரும்பாலான அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். நடந்து சுற்றுகிறவருக்கு அந்த வெளிச்சம் பெரிய சொத்து. மே, ஜூன் அல்லது செப்டம்பர் பாதிக்கு மேல் போவது நல்லது.

போவதும் வருவதும்

நேரம் எடுத்தாலும் கோச்தான் மலிவு. நேஷனல் எக்ஸ்பிரஸ் போன்ற கோச்கள் விக்டோரியா கோச் நிலையத்தில் இறக்கிவிடும். இரண்டு, மூன்று வாரம் முன்னதாக வாங்கினால் விலை நன்றாக இறங்கியிருக்கும்.

ரயிலில் போவதாக இருந்தால் 16–25 ரெயில்கார்டு வாங்குங்கள். ஆண்டுக்கு 35 பவுண்ட். பெரும்பாலான டிக்கெட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 26 வயதைத் தாண்டியிருந்தாலும் முழுநேர மாணவர் என்றால் பல்கலைக்கழகச் சான்றோடு இதைப் பெறலாம். பலருக்கு இது தெரிவதில்லை. ஆனால் இங்கும் நேரம் குறுக்கே வரும்: திங்கள் முதல் வெள்ளி வரை காலை பத்து மணிக்கு முன் பயணம் செய்தால் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒரு விதி உண்டு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மட்டும் அது பொருந்தாது. பத்து மணிக்கு மேல் ஏறுங்கள்.

வெள்ளி இரவு திரும்பும் கோச் உங்கள் ஊரில் எத்தனை மணிக்கு இறக்கிவிடும் என்று பாருங்கள். நியூகாசில்போலத் தொலைவான ஊர் என்றால் விடிந்துவிடும், கவலையில்லை. பக்கத்து ஊர் என்றால் நள்ளிரவு ஒன்று, இரண்டு மணிக்கு இறங்க நேரிடும். அப்படியானால் முன்னதான கோச்சைப் பிடியுங்கள். இரண்டு மணி நேர அருங்காட்சியகத்தைவிட, வீட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்வது முக்கியம்.

படுக்கை

ஹாஸ்டல் டார்மிட்டரியில் ஒரு படுக்கை, வார நாளில், முன்பதிவு செய்தால் 20 முதல் 35 பவுண்டுக்குள் கிடைக்கும். இடம் தேடும்போது கிங்ஸ் கிராஸ், யூஸ்டன் வட்டாரத்தை முதலில் பாருங்கள். யூஸ்டன் சாலையில் பிரிட்டிஷ் நூலகத்துக்கு எதிரிலேயே ஒய்.எச்.ஏ. செயின்ட் பான்க்ராஸ் இருக்கிறது. அதைச் சுற்றிலும் வேறு ஹாஸ்டல்களும் உண்டு. ஆறு டியூப் தடங்கள் கூடும் இடம் என்பதால் எங்கே போகவும் எளிது. கோடை விடுமுறையில் எல்.எஸ்.இ. போன்ற கல்வி நிறுவனங்கள் தங்கள் மாணவர் விடுதி அறைகளை வெளியாட்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. தனியறை வேண்டுமென்றால் அதையும் பாருங்கள்.

நடுநகரிலிருந்து தள்ளியுள்ள ஐந்தாம், ஆறாம் கட்டண மண்டலத்தில் படுக்கை 8 பவுண்ட் குறைவு என்று போகாதீர்கள். போக வரச் செலவிலும் இரண்டு மணி நேரத்திலும் அந்த எட்டு கரைந்துவிடும். நடந்து திரும்பும் வசதியும் போய்விடும்.

பதிவு செய்யும் முன் பார்க்க வேண்டியவை ஐந்து: வரவேற்பில் 24 மணி நேரமும் ஆள் உண்டா, லாக்கர் உண்டா, சமையலறை உண்டா, பெண்களுக்கான தனி டார்மிட்டரி உண்டா, எந்தத் தேதிவரை பணம் இழக்காமல் ரத்து செய்யலாம். பூட்டு, துண்டு, காதடைப்பான் மூன்றையும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ஹாஸ்டலில் துண்டுக்குத் தனிக் காசு கேட்பார்கள், பூட்டை விற்பார்கள்.

பஸ், டியூப், கால்

லண்டன் பஸ்ஸில் 2014 ஜூலையிலிருந்து ரொக்கம் வாங்குவதில்லை. காண்டாக்ட்லெஸ் கார்டு அல்லது ஆய்ஸ்டர் கார்டு வேண்டும். பஸ் கட்டணம் 1.75 பவுண்ட், எவ்வளவு தூரம் போனாலும். முதல் பஸ்ஸில் கார்டைத் தொட்ட நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் கூடுதல் கட்டணம் இல்லை. நாள் முழுவதும் பஸ்ஸிலேயே சுற்றினாலும் 5.25 பவுண்டுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். ஆகவே செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் பஸ்ஸும் காலும் போதும்.

டியூப் வேகமானது, விலை அதிகம். முதல் இரண்டு மண்டலங்களுக்குள் ஒரு நாள் உச்சவரம்பு 8.90 பவுண்ட். வார நாள்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும், மாலை 4 முதல் 7 வரையும் நெரிசல் நேரக் கட்டணம். அந்த நேரங்களைத் தவிர்த்தால் காசும் மிச்சம், மூச்சும் மிச்சம். ரெயில்கார்டு வைத்திருப்பவர் டியூப் நிலைய ஊழியரிடம் சொல்லி அதை ஆய்ஸ்டர் கார்டோடு இணைத்தால், நெரிசலில்லா நேர டியூப் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். பஸ்ஸுக்கு இந்தச் சலுகை இல்லை. ஆய்ஸ்டர் கார்டுக்குக் கொடுக்கும் விலை திரும்பக் கிடைக்காது என்பதால், அடிக்கடி லண்டன் வருபவருக்கே இது லாபம்.

நான் செய்த ஒரு தவற்றை நீங்கள் செய்யாதீர்கள். உள்ளே நுழையும்போது போனில் தொட்டேன், வெளியேறும்போது அதே வங்கியின் கார்டில் தொட்டேன். இரண்டும் ஒரே கணக்குதானே என்று நினைத்தேன். இயந்திரத்துக்கு அவை இரண்டு வெவ்வேறு பயணிகள். ஒருவர் வெளியேறவில்லை, இன்னொருவர் நுழையவில்லை. இருவருக்கும் அதிகபட்சக் கட்டணம் போட்டுவிட்டது. காலையில் எதைத் தொட்டீர்களோ அதையே இரவுவரை தொடுங்கள். டியூப்பில் ஏறும்போதும் இறங்கும்போதும் தொட வேண்டும். பஸ்ஸில் ஏறும்போது மட்டும்.

டியூப் வரைபடம் தூரத்தைக் காட்டாது. லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவென்ட் கார்டனுக்கு அதில் ஒரு நிலையம். தரையில் ஏறக்குறைய 260 மீட்டர்தான். நடுநகரில் தெருமுனைகளில் நிற்கும் வழிகாட்டிப் பலகைகளில் ஐந்து நிமிட நடைக்குள் எவை உள்ளன என்று வட்டம் போட்டுக் காட்டியிருப்பார்கள். அந்த வட்டத்தை நம்பி நடங்கள்.

சாப்பாடு

நாளுக்கு 12 பவுண்டில் மூன்று வேளை முடியும், உணவகத்தில் ஒரு வேளைக்கு மேல் உட்காராமல் இருந்தால்.

காலைக்கு ஓட்ஸ், வாழைப்பழம் அல்லது ரொட்டி. மதியம் டெஸ்கோ, செயின்ஸ்பரிஸ் போன்ற கடைகளில் மீல் டீல்: ஒரு சாண்ட்விச் அல்லது சாலட், ஒரு தின்பண்டம், ஒரு பானம். கடையின் உறுப்பினர் அட்டை இருந்தால் 4 பவுண்டுக்குள் முடியும். அட்டை இலவசம், போனிலேயே பதிவு செய்துகொள்ளலாம். மாலையில் கடை மூடும் நேரம் நெருங்கும்போது அன்றோடு காலாவதியாகும் உணவுகளில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைப்பார்கள். இரவுச் சாப்பாட்டை அந்த நேரத்துக்குத் தள்ளுங்கள்.

ஹாஸ்டலில் சமையலறையோ மைக்ரோவேவோ இருந்தால் வீட்டிலிருந்து சின்னப் பாட்டிலில் புளிக்காய்ச்சலும், ஒரு பொட்டலம் பருப்புப் பொடியும் எடுத்துப் போங்கள். மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் சூடாக்கும் சோற்றுப் பொட்டலம் எல்லாக் கடையிலும் உண்டு. நாள் முழுவதும் நடந்த பிறகு ஒரு கிண்ணம் புளிச்சோறு தரும் தெம்பை எந்தச் சாண்ட்விச்சும் தராது.

தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். பாட்டில் எடுத்துப் போய் நிரப்பிக்கொள்ளுங்கள். மதுபான உரிமம் பெற்ற எந்த உணவகமும் கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது இங்கிலாந்தில் சட்டம். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

நான்கு நாள்

செவ்வாய்: விக்டோரியாவில் மதியம் இறங்கி, விக்டோரியா தெரு வழியாக இருபது நிமிடம் நடந்தால் பாராளுமன்றச் சதுக்கம். அங்கே 2015இல் திறந்த காந்தி சிலை நிற்கிறது. சதுக்கத்தின் மேற்குப் பக்கத்தில் யூ.கே. உச்ச நீதிமன்றம். உள்ளே போக அனுமதி இலவசம், வழக்கு நடந்தால் உட்கார்ந்து கேட்கலாம். பிரிவி கவுன்சிலின் நீதிக்குழுவும் இப்போது இந்தக் கட்டடத்தில்தான் கூடுகிறது. 1949 வரை இந்திய வழக்குகளின் கடைசி மேல்முறையீடு அந்தக் குழுவிடம்தான் வந்தது. நம் ஊர் நிலத் தகராறு, சொத்துத் தகராறு எத்தனையோ கடல் கடந்து வந்து தீர்ப்பானது அந்தக் குழுவின் முன்தான்.

சாலைக்கு அந்தப் பக்கம் பாராளுமன்றம். அவை கூடியிருக்கும் நாள்களில் பார்வையாளர் மாடத்துக்கு இலவசமாகப் போகலாம், வரிசையும் பாதுகாப்புச் சோதனையும் உண்டு. மாலை ஐந்து மணிக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபே வாசலுக்கு வாருங்கள். பகலில் சுற்றிப் பார்க்க 30 பவுண்டை ஒட்டிக் கட்டணம். மாலை வழிபாட்டுக்கு வருபவர்களுக்குக் கட்டணம் இல்லை. புதன் தவிரப் பெரும்பாலான வார நாள்களில் பாடகர் குழு பாடும். முக்கால் மணி நேரம் போனை அணைத்துவிட்டு, அந்தக் கல்கூரையின் கீழ் குரல்கள் ஏறி இறங்குவதைக் கேளுங்கள். அது வழிபாடு, காட்சி அன்று. படம் எடுக்கக் கூடாது.

பிறகு 24ஆம் எண் பஸ்ஸின் மாடியில் முன்னிருக்கையைப் பிடியுங்கள். ஒயிட்ஹால், டிரஃபால்கர் சதுக்கம் வழியாக வடக்கே போகும். வாரன் ஸ்ட்ரீட் அருகே இறங்கி, யூஸ்டன் சாலையில் கிழக்கே போகும் இன்னொரு பஸ் ஏறினால் ஹாஸ்டல். ஒரு மணி நேரத்துக்குள் என்றால் இரண்டுக்கும் சேர்த்து 1.75.

புதன்: காலை பிரிட்டிஷ் நூலகம். அதன் அரும்பொருள் அரங்கில் 1215ஆம் ஆண்டின் மேக்னா கார்ட்டா இருக்கிறது, ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பு இருக்கிறது. இலவசம். இதே நூலகத்தில்தான் இந்தியா அலுவலக ஆவணங்களும் உள்ளன. வரலாறு படிக்கும் மாணவர்கள் இன்னொரு நாள் தனியாக வர வேண்டிய இடம்.

அங்கிருந்து நடந்தே பிரிட்டிஷ் அருங்காட்சியகம். 1759இல் மக்களுக்குத் திறந்தது. எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். மூன்று அறை, இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். ரொசெட்டா கல்லுக்குக் கூட்டம் எப்போதும் இருக்கும், பார்த்துவிட்டு நகருங்கள். 33ஏ அறைக்குக் கட்டாயம் போங்கள்.

அது அமராவதி அறை. கிருஷ்ணா நதிக்கரைப் பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள். 1845இல் மதராஸ் அரசு அதிகாரி வால்டர் எலியட் அவற்றைத் தோண்டி எடுத்து மதராசுக்கு அனுப்பினார். சில ஆண்டுகள் அவை அங்கே வெட்டவெளியில் கிடந்தன. 1859இல் ஒரு பகுதி கப்பலேறி லண்டன் வந்தது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அமராவதிச் சிற்பங்கள் இவற்றின் உடன்பிறப்புகள். பள்ளிச் சுற்றுலாவில் எழும்பூரில் அவற்றைக் கடந்து ஓடியவன் நான். இங்கே அந்தத் தாமரைகளின் முன் நின்றபோதுதான் அன்று எதைப் பார்க்காமல் ஓடினேன் என்று புரிந்தது. ஊருக்குப் போனதும் எழும்பூருக்கு மறுபடி போனேன். நீங்களும் போவீர்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு ஃபிட்ஸ்ராய் சதுக்கம். அங்கே இருக்கும் இந்திய ஒய்.எம்.சி.ஏ.யின் உணவகத்தில் வெளியாட்களும் சாப்பிடலாம். நேரத்தை முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். லண்டனில் படிக்க வந்த இந்திய மாணவர்கள் தங்க இடமின்றித் தவித்த காலத்தில், 1920இல் கே.டி. பால் நிறுவியது அது. அவர் சேலத்துக்காரர், இந்திய ஒய்.எம்.சி.ஏ.க்களின் முதல் இந்தியப் பொதுச் செயலாளர். தனியாக வந்து இறங்கும் மாணவருக்கு ஒரு கட்டிலும் சோறும் வேண்டும் என்று நூறாண்டுக்கு முன் ஒருவர் நினைத்திருக்கிறார். அந்தச் சோற்றை நன்றியோடு சாப்பிடுங்கள்.

வியாழன்: இன்று முழுக்க நடை. டவர் பிரிட்ஜில் தொடங்கித் தேம்ஸின் தென்கரையோடு வெஸ்ட்மின்ஸ்டர்வரை ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். போரோ சந்தையில் வாசனை பிடித்துக்கொண்டே சுற்றலாம், வாங்கித் தின்ன விலை அதிகம். அடுத்து ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடக்கும் குளோப் அரங்கு. அதைத் தாண்டி டேட் மாடர்ன், 2000இல் பழைய மின் நிலையம் ஒன்றைக் கலைக்கூடமாக்கியது. டர்பைன்கள் நின்ற அந்தப் பெருங்கூடத்தில் நடக்கவே ஒரு தடவை உள்ளே போகலாம்.

வாசலில் மிலேனியம் பாலம். பொறியியல் மாணவர்கள் இங்கே கொஞ்சம் நில்லுங்கள். 2000 ஜூனில் திறந்ததும் மக்களின் நடைக்கேற்பப் பாலம் பக்கவாட்டில் ஆடியது. ஆட ஆட, சமநிலைக்காக எல்லோரும் ஒரே தாளத்தில் கால் வைத்தார்கள். அது ஆட்டத்தை இன்னும் கூட்டியது. இரண்டே நாளில் மூடிவிட்டு, அதிர்வடக்கிகள் பொருத்தி 2002இல் மீண்டும் திறந்தார்கள். அந்த அடக்கிகளைப் பாலத்தின் கீழ்ப்பக்கம் கண்ணால் பார்க்கலாம்.

மாலை நாடகம். குளோப் அரங்கில் கோடைப் பருவத்தில் மேடைக்கு முன் திறந்த முற்றத்தில் நின்று பார்க்கும் டிக்கெட் 5 பவுண்டிலிருந்து தொடங்கும். மிக அருகில் நிற்பவர் மிகக் குறைவாகக் கொடுக்கும் அரங்கு அது. மழை பெய்தால் நனைய வேண்டியதுதான், குடை விரிக்க அனுமதியில்லை, மழைக்கோட்டு எடுத்துப் போங்கள். முந்தைய நாள் கதைச்சுருக்கத்தைப் படித்துவிட்டால் பழைய ஆங்கிலம் மிரட்டாது. குளிர்காலம் என்றால் நேஷனல் தியேட்டரின் மலிவு டிக்கெட்டுகளையும் லெஸ்டர் ஸ்கொயரில் சலுகை விலையில் நாடக டிக்கெட் விற்கும் டி.கே.டி.எஸ். சாவடியையும் பாருங்கள்.

வெள்ளி: பையை ஹாஸ்டலில் வைத்துவிட்டு, 9.30க்கு மேல் கிங்ஸ் கிராஸில் ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி தடத்தில் கிழக்கே ஏறுங்கள். இன்று டியூப் நாள், 9 முதல் 11 பவுண்ட் ஆகும். ஆல்ட்கேட் ஈஸ்ட்டில் இறங்கினால் பிரிக் லேன். அந்தத் தெருவின் பள்ளிவாசல் சுவரில் ஒரு சூரியக் கடிகாரம், அதில் 1743 என்று செதுக்கியிருக்கும். பிரான்சிலிருந்து தப்பி வந்த ஹியூகனோ புராட்டஸ்டன்டுகள் தேவாலயமாகக் கட்டினார்கள். பின்னர் மெதடிஸ்டுகள் வந்தார்கள். 1898இல் யூதர்களின் தொழுகைக்கூடம் ஆனது. 1976இல் வங்காளதேசத்தவர் பள்ளிவாசலாக்கினார்கள். கட்டடம் ஒன்றுதான். ஊரைவிட்டு வந்து இங்கே பிழைத்தவர்கள்தான் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

அதே தடத்தில் தொடர்ந்து போனால் ஈஸ்ட் ஹாம். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் கடைப் பெயர்ப்பலகைகளே தமிழில் தொடங்கிவிடும். 1983க்குப் பிறகு போரைத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் வளர்த்த தெரு இது, தமிழ்நாட்டு உணவகங்களும் உண்டு. கொத்துரொட்டி, இடியப்பத்தோடு சொதி, சம்பல், ஆட்டிறைச்சி ரோல்ஸ். பத்துப் பவுண்டுக்குள் வயிறு நிறையும். மூன்று நாள் சிக்கனத்துக்கு இது பரிசு. வெள்ளிக்கிழமையாதலால் முருகன் கோயிலுக்கும் ஒரு நடை போய்வரலாம்.

நான்கு மணிக்குள் கிங்ஸ் கிராஸ் திரும்பிப் பையை எடுத்துக்கொண்டு, பிக்காடில்லி தடத்தில் நேராக சவுத் கென்சிங்டன். அங்கே வி அண்ட் ஏ (விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்) அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை இரவு பத்துவரை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து எடுத்துவந்த திப்புவின் மரப்புலி இந்த அருங்காட்சியகத்தினுடையது, காட்சியில் இருக்கிறதா என்று முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து இரண்டே நிலையம் விக்டோரியா. கோச் காத்திருக்கும்.

தனியாக இருக்கும்போது

போனைப் பத்திரமாக வையுங்கள். மின்சைக்கிளில் வந்து கையிலிருந்து பறித்துப் போவது லண்டனில் அதிகம். வழி பார்க்க வேண்டுமென்றால் சாலை ஓரத்திலிருந்து விலகிச் சுவரையொட்டி நின்று பாருங்கள். ஒரு கார்டையும் இருபது பவுண்ட் தாளையும் பைக்குள் வேறிடத்தில் வையுங்கள். ஹாஸ்டல் முகவரியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

அவசரத்துக்கு 999. உடல்நல ஆலோசனைக்கு 111. ரயிலிலோ டியூப்பிலோ யாராவது தொல்லை கொடுத்தால் ரயில்வே போலீசுக்கு 61016 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். சத்தமில்லாமல் உதவி கேட்கும் வழி அது. இரவு பஸ்ஸில் கீழ்த்தளத்தில் ஓட்டுநர் பக்கம் உட்காருங்கள்.

இரண்டாம் நாள் மாலை ஒரு வெறுமை வரும். பார்த்ததைப் பக்கத்தில் திரும்பிச் சொல்ல ஆளில்லையே என்று தோன்றும். எனக்கு வந்தது, பலருக்கும் வரும். அப்போது அறைக்குள் போய்ப் படுக்காதீர்கள். ஹாஸ்டல் சமையலறையில் உட்காருங்கள், பக்கத்தில் சமைப்பவரிடம் எந்த ஊர் என்று கேளுங்கள். அல்லது அன்று பார்த்தவற்றில் ஒன்றைப் பற்றி வீட்டுக்கு விரிவாக ஒரு குரல்பதிவு அனுப்புங்கள். கோடையில் இந்தியா நான்கரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. லண்டனில் மாலை ஐந்து மணிக்கு அம்மா தூங்கப் போகும் நேரம். அதற்குள் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள், இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

புறப்படும் முன்

மூன்று வாரம் முன்: கோச், படுக்கை, நாடக டிக்கெட்.
ஒரு வாரம் முன்: அருங்காட்சியகங்களின் இலவச நேரச்சீட்டு, டியூப் பராமரிப்பு அறிவிப்புகள், வேலைநிறுத்தச் செய்தி.
முந்தைய நாள்: போட்டோ உள்ள அடையாள அட்டை, மாணவர் அட்டை, பவர் பேங்க், பூட்டு, துண்டு, தண்ணீர் பாட்டில், மழைக்கோட்டு, பழகிய காலணி. புதுச் செருப்பு வேண்டாம். எல்லாம் ஒரே தோள்பையில் அடங்க வேண்டும்.

திரும்பி வந்த மறுநாள் ஒரு வேலை மிச்சம். நாள்வாரியாகச் செலவைத் தேதி போட்டு எழுதுங்கள்: எந்த ஹாஸ்டல், எந்தக் கிழமை, என்ன விலை, எங்கே ஏமாந்தீர்கள், எங்கே லாபம். செப்டம்பரில் உங்கள் துறைக்கு ஊரிலிருந்து புதிதாக ஒரு மாணவர் வருவார். அக்டோபரில் அவர் வெள்ளிக்கிழமை டிக்கெட் பார்க்கத் தொடங்குவார். அதற்கு முன் அந்தக் காகிதம் அவர் கையில் இருக்கட்டும். எனக்கும் அப்படி ஒன்று ஒருவர் கொடுத்தார். அதில் முதல் வரி, "செவ்வாய்க்கிழமை போ."